சும்மா கிடக்கும் நிலம்

"மூணு தடவை விதைச்சாச்சு அம்மா. முளைக்கவே மாட்டேங்குது."

நில அளவைக்காரர் ஆவுடையப்பன் வந்ததும் வராததுமாக இதைத்தான் சொன்னார். கும்பிடக்கூட மறந்துபோனார். இரண்டு நாள் நடந்து வந்த புழுதி அவர் மீசையில் படிந்திருந்தது.

வடிவம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைவிடப் பத்து வயது சின்னவள். ஆனாலும் அந்த நாட்டில் பெரிய பெரிய தலைப்பாகைகள் எல்லாம் மனசு சரியில்லை என்றால் அவள் முன்னால்தான் வந்து உட்காரும். பெரும்பாலும் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். கீரையை ஆய்வாள்.

"யாரு நிலம்?"

"எங்க அண்ணன் புன்னைவனத்தோட நிலம். அப்பா விட்டுட்டுப் போனது. நான் உத்தியோகம்னு கிளம்பிட்டேன். அண்ணன் மண்ணே கதின்னு இருந்துட்டான். இன்னொரு தடவை பொய்ச்சிட்டா கப்பலேறிப் போயிருவேங்கான்."

"அவரு நிலம் மட்டும்தானா?"

"நாடு பூரா இதே கதிதான். மகாராசாவே வெளிநாட்டு அரிசிதான் சாப்பிடுதாரு."

"ஏன் அப்படி?"

"அதைக் கேக்கத்தானே வந்தேன்."

அவள் கீரைத் தண்டை ஒடித்தாள்.

"நீரு என்ன உத்தியோகம் பாக்கேரு?"

தெரியாமல் கேட்கவில்லை. நாட்டில் ஆவுடையப்பனைத் தெரியாதவர் கிடையாது.

ஏழு வருடத்துக்கு முன்னால் அரசர் ஓர் ஆணை போட்டார். நாட்டில் ஒரு சாண் நிலமும் சும்மா கிடக்கக் கூடாது. அளவைக்காரர்கள் கோலைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். போகிற அன்றைக்கு எந்த வயலில் பயிர் இல்லையோ, ஏர் ஓடவில்லையோ, அங்கே ஒரு சிவப்புக் கல் நடுவார்கள். கல் விழுந்தால் அது அரண்மனை நிலம். அடுத்த வருடம் பார்த்தால் அங்கே செங்கல் சூளை புகையும், இல்லையென்றால் யாரோ ஒரு பிரபுவின் மாளிகை எழும்பியிருக்கும்.

அதிகக் கல் நட்டவர் ஆவுடையப்பன்தான். கை சுத்தமானவர். யாரிடமும் ஒரு தேங்காய்கூட வாங்கமாட்டார். வாங்குகிற ஆளாக இருந்திருந்தால் நாலு வயலாவது தப்பித்திருக்கும்.

"விளையுற நிலத்துல ஒரு சாண்கூட நான் எடுத்ததில்ல அம்மா," என்றார் அவர். "சும்மா கிடந்ததைத்தான் எடுத்தேன். அதனாலதான் புரியல. விளையுற நிலம் அங்கனயேதானே இருக்கு? அப்புறம் ஏன் விளையல?"

வடிவம்மை எழுந்து கையைக் கழுவினாள்.

"நடந்து வந்த அலுப்பு முகத்துல தெரியுது. அந்த வேப்ப மரத்தடியில செத்த நேரம் படும்."

"பதிலு?"

"படும்."

படுத்தார். தலை தரையில் பட்டதுதான் தெரியும்.

மூச்சு முட்டி விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. நெஞ்சின் மேல் என்னவோ கனமாக உட்கார்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தார். ஆட்டுக்கல் குழவி. அதில் ஈரம் காயாமல் செம்மண் பூசியிருந்தது.

வடிவம்மை அவருடைய கோலாலேயே அவரைக் கால் முதல் தலை வரை அளந்துகொண்டிருந்தாள்.

"ஒரு கோலுக்குக் கொஞ்சம் குறையுது," என்றாள். "பரவாயில்ல. தலைமாட்டுல ஒரு சூளை போடலாம். கால்மாட்டுல குதிரை கட்டலாம்."

"என்னம்மா இது?"

"சும்மா கிடந்தீரு. கல்லு நட்டுட்டேன்."

"சும்மா கிடக்கல அம்மா. ரெண்டு நாள் நடந்த உடம்பு. ஆறப்போட்டிருக்கேன். ஆறப்போட்டாத்தானே நாளைக்கு..."

அதோடு நாக்கு நின்றுவிட்டது.

அந்தச் சொல் அவருடைய சொல் இல்லை. ஏழு வருடமாக ஒவ்வொரு ஊரிலும் அவர் காதில் விழுந்த சொல். *ஆறப்போட்டிருக்கோம் சாமி. அடுத்த போகத்துக்கு வந்து பாருங்க சாமி.* கல்லைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி சொன்னாள். பின்னாலேயே ஓடிவந்து ஒருவன் சொன்னான். எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் ஒரே பொய்யைச் சொல்கிறார்களே என்று அவர் சிரித்திருக்கிறார். வயலைக் கைகாட்டி, "சும்மாதானய்யா கிடக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

மூன்றில் ஒரு வயலை மாற்றி மாற்றி வருடம் முழுக்க ஆறப்போடுவது அந்த நாட்டு வழக்கம். அதில் ஆட்டுக்கிடை போடுவார்கள். ஆடுகள் புழுக்கை போட்டு மிதித்துக் கிடந்த மண், மறு வருடம் பொங்கி விளையும். ஆவுடையப்பனும் விவசாயி வீட்டில் பிறந்தவர்தான். மறந்தே போயிருந்தார்.

எழுந்து உட்கார்ந்தார். குழவி மடியில் உருண்டது.

"பதினோராயிரம் கல்லு," என்றார்.

வடிவம்மை கோலைக் கீழே வைத்தாள்.

"அம்மா, பதினோராயிரம். என் கையால."

மரத்திலிருந்து பழுத்த இலைகள் ஒன்றிரண்டு விழுந்தன. பிறகு, முழுகப் போகிறவன் எதையாவது எட்டிப் பிடிப்பது போல அவசரமாகச் சொன்னார்:

"ஆனா எங்க அண்ணன் நிலத்துல நான் கல்லு நடல. அந்தத் திசைக்கே கோலைக் கொண்டுபோனதில்ல. அங்க நட வேண்டிய தேவையும் வரல. அண்ணன் வயல்ல என்னைக்கும் பயிர் நிக்கும்."

"என்னைக்குமா?"

"என்னைக்கும். நெல்லறுத்த மறுநாளு உளுந்து. உளுந்து எடுத்த மறுநாளு எள்ளு. ஏழு வருசமா ஒருநாள் விட்டதில்ல. எனக்கே பெருமையா இருக்கும்."

"உங்க அப்பா காலத்துலயும் இப்படித்தானா?"

"இல்ல. அப்பா ஆறப்போடுவாரு."

"அண்ணன் ஏன் போடல?"

"கேட்டதில்ல."

"போய்க் கேளும்."

அவர் எழுந்து கோலை எடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அதை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு நடக்கப் பார்த்தார்.

"கோலை எடுத்துக்கிடும். தோள்ல வச்சுட்டே போம். தலைப்பாகையையும் கழத்தாதேயும்."

"அண்ணனைப் பாக்க எதுக்கும்மா அதெல்லாம்?"

வடிவம்மை மறுபடி கீரைக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் உச்சிவெயிலில் அவர் அண்ணன் வயலுக்குப் போய்ச் சேர்ந்தார். வயலா அது? சுண்ணாம்பு பூத்தது போல வெளுத்துப்போய் வாய் பிளந்து கிடந்தது. விதைத்ததற்கு அடையாளமாக ஒரு முளைகூட இல்லை. நாலைந்து காக்கை அங்கே என்னத்தையோ தேடிவிட்டு ஒன்றும் கிடைக்காமல் பறந்துபோயின.

பனை நிழலில் புன்னைவனம் சுருண்டு படுத்திருந்தார். உடம்பைப் போர்வையால் மூடியிருந்தார். காய்ச்சல் போலிருந்தது. பக்கத்தில் இரண்டு மாடுகள், விலா எலும்பை எண்ணிவிடலாம்.

ஆவுடையப்பன் வரப்பில் கால் வைத்தார்.

புன்னைவனம் தலையைத் தூக்கினார். தோளில் இருந்த கோலைப் பார்த்தார். தலைப்பாகையைப் பார்த்தார்.

போர்வை ஒரு பக்கம் போனது. அவர் விழுந்தடித்து எழுந்தார், மாடுகளை உதைத்து எழுப்பினார், நுகத்தடியை எடுத்து அவற்றின் கழுத்தில் வைத்தார். பூட்டாங்கயிறு இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை பூட்டிவிட்டு, அந்தக் கட்டாந்தரையில் ஏரை இறக்கினார்.

ஏரின் கொழுமுனை மண்ணுக்குள் இறங்கவில்லை. பாறையில் இழுப்பது போல மேலாகக் கீறிக்கொண்டு போனது. புழுதி கிளம்பி அவரையே மறைத்தது.

"அண்ணே!" ஆவுடையப்பன் ஓடினார். "நிறுத்துண்ணே. ஈரமே இல்ல. இதுல என்னத்தை உழுவ?"

ஏர் நிற்கவில்லை.

"சும்மா கிடக்கலங்கய்யா," என்றது புழுதிக்குள்ளிருந்து குரல். "ஒரு வாய் தண்ணி குடிக்க உக்காந்தேன். உழுதுகிட்டேதான் இருக்கேன். நெலம் ஒருநாளும் சும்மா கிடக்கலங்கய்யா."

ஆவுடையப்பன் கோலை வீசி எறிந்தார். தலைப்பாகையைப் பிய்த்துப் போட்டார். குறுக்கே ஓடிப்போய் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்திவிட்டு, அண்ணன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் காட்டினார்.

"அண்ணே, என்னைப் பாரு. நான்தான். உன் தம்பி ஆவுடை."

புன்னைவனம் அவரைப் பார்த்தார். ஏர் மேழியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியுதுங்கய்யா," என்றார்.