பூஜைக்கு வைத்த பிரதானி

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தான். எந்த நாட்டு ராஜா என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சொல்லாவிட்டால் எல்லா நாட்டுக்காரர்களும் பக்கத்து நாட்டைக் கைகாட்டிச் சிரித்துக்கொள்வார்கள். சிரிக்கட்டும்.

கோதண்டவர்மன் என்ற அந்த ராஜாவுக்குத் தவமாய்த் தவமிருந்து ஒரு பிள்ளை பிறந்தது. சுகுமாரன் என்று பெயர் வைத்தார்கள். பிறந்த அன்றே ராஜா ஓர் ஆணை போட்டான்: "என் மகனின் கை நோகக் கூடாது. அவனை எவனாவது ஒரு வேலை செய்யச் சொன்னால், சொன்ன நாக்கை அறுத்துவிடுவேன்." பெற்ற பிள்ளையைக் கெடுக்க இதைவிடச் சுருக்கமான வழியை வேறு எந்த அப்பனும் கண்டுபிடித்ததில்லை.

ஆணைப்படியே பிள்ளை வளர்ந்தான். வேட்டி கட்டிவிட ஒருவன், தலை வார ஒருவன், பாலை ஆற்ற ஒருவன், சோற்றைப் பிசைந்து ஊட்ட ஒருவன். கொட்டாவி விட்டால் வாய்க்கு நேரே சொடக்குப் போடக்கூட ஒருவன் சம்பளத்தில் இருந்தான். இப்படியே பதினான்கு வயதும் ஆகிவிட்டது.

ஒருமுறை பக்கத்து நாட்டில் விருந்து. சேவகர்கள் அடுத்த பந்தியில் சாப்பிடப் போன நேரத்தில் இளவரசனின் இலையில் ஒரு வாழைப்பழம் வைத்தார்கள். பையன் அதை எடுத்துத் தோலோடு கடித்தான். ஊரில் வாழைப்பழச் சோம்பேறி என்று ஒரு பேச்சு உண்டு. இவன் சோம்பேறிகூட இல்லை, பாவம். பழத்துக்குத் தோல் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. அந்த நாட்டு ராஜாவின் மகள், பாவாடை தடுக்கும் வயதுப் பெண், எழுந்து வந்து ஒரு பழத்தை உரித்து அவன் கையில் கொடுத்தாள். பந்தியே சிரித்தது.

கோதண்டவர்மன் அன்றே ஊர் திரும்பினான். வந்ததும் சபையைக் கூட்டினான்.

"என் மகன் தன் காரியத்தைத் தானே செய்யக் கற்க வேண்டும். யார் கற்பிப்பீர்கள்?"

வாகீச பண்டிதர் முந்திக்கொண்டு எழுந்தார். மறுநாளே பாடம் ஆரம்பமானது. நீர் இறைத்தலின் மகிமை ஒரு வாரம், அடுப்பின் தத்துவம் ஒரு வாரம், வேட்டியின் பதினாறு சிறப்புகள் இன்னொரு வாரம். பண்டிதருக்கு ஒரு குடம் தண்ணீர் இறைக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லையாம். கடைசியில் இளவரசன் சபையில் எழுந்து நின்று வேட்டியின் பதினாறு சிறப்புகளையும் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஒப்பித்தான். பன்னிரண்டாவது சிறப்பில் வேட்டி அவிழ்ந்து விழுந்தது. அவன் குனியவில்லை. எடுத்துக் கட்ட ஆள் வரும் வரை அப்படியே நின்று மிச்ச நான்கையும் சொல்லி முடித்தான்.

ராஜாவின் முகம் கறுத்தது. அந்தச் சமயம் பார்த்துப் பிரதானி நரசிங்கராயர் தொண்டையைக் கனைத்தார். சபையில் பிச்சாண்டி என்றொரு விகடகவி இருந்தான். அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பான். பிரதானிக்கு வயிறு எரியும். வருஷக்கணக்காக எரிந்த வயிறு அது.

"மகாராஜா, எல்லோரையும் பரிகாசம் செய்யும் பிச்சாண்டி இந்தக் காரியத்தை ஏற்கட்டும். விஜயதசமிக்குள் இளவரசர் சோறு பொங்க வேண்டும், தண்ணீர் இறைக்க வேண்டும், தம் வேட்டியைத் தாமே கட்ட வேண்டும். இல்லையேல் பிச்சாண்டியின் நாக்கை வாங்கிவிடலாம்."

"நல்லது, அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

"இன்னொன்று, பிரபு. இளவரசரை வேலை செய்யச் சொல்பவனின் நாக்கை அறுப்பதாகத் தங்கள் பழைய ஆணை ஒன்று உண்டு. அது நிற்குமா, நீங்குமா?"

ராஜா மீசையைத் தடவினான். "இரண்டும் என் வார்த்தை. இரண்டும் நிற்கும்."

கற்றுக்கொடுத்தால் நாக்கு போகும். கொடுக்காவிட்டாலும் நாக்கு போகும். சபையில் ஒருவன்கூட "இது நியாயமா" என்று கேட்கவில்லை. அவரவருக்கு அவரவர் நாக்கு பத்திரம். அதைப் பல்லுக்குப் பின்னால் பத்திரமாகவே வைத்திருந்தார்கள்.

பிச்சாண்டி வீட்டுக்குப் போய்ச் செய்தியைச் சொன்னான். அவன் மனைவி உமையாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தீங்களா நீங்க? அந்த நாக்குலதானே நம்ம உலை கொதிக்குது! அதுவும் போச்சுன்னா ஊமையா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க?"

"அதைத்தான் யோசிக்கிறேன்" என்றான் பிச்சாண்டி. அவனுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. அன்று அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் ராஜாவிடம் வந்து ஒன்றே ஒன்று கேட்டான். "மன்னா, இந்த வருஷம் அரண்மனை ஆயுத பூஜையை நான் நடத்த உத்தரவு வேண்டும். நாக்கோடு இருக்கும்போதே ஒரு புண்ணியம் தேடிக்கொள்கிறேன்." ராஜா சம்மதித்தான். பிள்ளைக்குப் பாடம் சொல்லாமல் பூஜைக்குப் பூ வாங்க அலைகிறானே என்று பிரதானி தமக்குள் சிரித்துக்கொண்டார்.

பூஜை நாளும் வந்தது. ராணி நவராத்திரிக்குப் பிறந்தகம் போயிருந்தாள்; அது பிச்சாண்டியின் நல்ல காலம். வாளும் வேலும் விளக்கின் முன் அடுக்கியாயிற்று. பிச்சாண்டி கைகட்டி நின்று ராஜாவைக் கேட்டான்.

"மன்னா, குயவன் சக்கரத்தை வைத்துக் கும்பிடுகிறான். நாவிதன் கத்தியை வைத்துக் கும்பிடுகிறான். எதைக் கொண்டு பிழைக்கிறோமோ அதுதானே ஆயுதம்?"

"அதிலென்ன சந்தேகம்?"

"இளவரசர் எதைக் கொண்டு வேட்டி கட்டுகிறார்? எதைக் கொண்டு சாப்பிடுகிறார்?"

ராஜா யோசித்தான். "சேவகர்களைக் கொண்டு."

"தாங்கள் எதைக் கொண்டு கணக்குப் பார்க்கிறீர்கள்? எதைக் கொண்டு ஓலை படிக்கிறீர்கள்?"

"பிரதானி பார்க்கிறார். பண்டிதர் படிக்கிறார்." சொல்லும்போது ராஜாவுக்குப் பெருமையாகவே இருந்தது.

"இத்தனை உயர்ந்த கருவிகளை விட்டுவிட்டு வெறும் இரும்புக்குப் பொட்டு வைப்பது அடுக்குமா?"

ராஜாவுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. சபையோருக்கு அதைவிடப் பிடித்தது. மாலை என்றதும் கழுத்துகள் நீண்டன. வாளுக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று பிரதானியும் பண்டிதரும் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். சமையல்காரர்களும் சேவகர்களும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, ஆளுக்கு முன்னால் ஒரு குவியல் பொரிகடலை வைத்துப் பிச்சாண்டி தீபம் காட்டினான். காட்டி முடித்துப் பண்டிதரைப் பணிவாகக் கேட்டான்.

"சுவாமி, பூஜையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமிப் பூஜைக்கு முன்னால் எடுத்துப் பயன்படுத்தினால் என்ன ஆகும்?"

மாலை போட்ட மிதப்பில் பண்டிதர் முழங்கினார். "மகா பாவம்! தொடவே கூடாது, நகர்த்தவும் கூடாது. மீறினால் ராஜ்யத்துக்கே ஆகாது!"

"கேட்டீர்களா, மன்னா? நாளைக் காலை வரை இவர்கள் ஒருவரும் அசையக் கூடாது."

பிரதானி பதறினார். "இது சூழ்ச்சி, மகாராஜா! அப்படியானால் பிச்சாண்டியும் தங்கள் கருவிதானே? அவனையும் உட்கார வையுங்கள்!"

"நானா?" என்றான் பிச்சாண்டி. "என்னை உதவாக்கரை என்று இதே சபையில் எத்தனை முறை சொன்னீர்கள், ஐயா? உதவாதது எப்படி ஆயுதமாகும்?"

ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ராஜ்யத்துக்கு ஆகாது என்ற சொல் காதில் விழுந்திருந்ததால், "அசையாதீர்கள்" என்று உத்தரவு போட்டான். பிரதானி பசியில் மெல்லப் பொரியின் பக்கம் கையை நகர்த்தினார்.

"பிரதானியாரே, எந்த வீட்டு அரிவாள் பொரி தின்று பார்த்திருக்கிறீர்கள்?" என்றான் பிச்சாண்டி.

கை திரும்பிப் போனது. பின்வரிசையில் சொடக்குப் போடுகிறவன் முனகினான். "சாமி, காலு மரத்துப் போச்சுங்க."

"ஆயுதத்துக்கு ஏதப்பா கால்? பேசாமல் இரு."

உச்சிவேளை ஆனது. இளவரசன் கூப்பிட்டுப் பார்த்தான், கத்திப் பார்த்தான், காலை உதைத்துப் பார்த்தான். ஒருவரும் வரவில்லை. அவிழ்ந்த வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு சமையற்கட்டுக்கு வந்தான். அங்கே பிச்சாண்டி தனியாக அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான்.

"பிச்சாண்டி, பசிக்கிறது."

"எனக்கும்தான், இளவரசே."

"சோறு எங்கே?"

"அதோ, அந்தப் பானையில். அரிசியாக இருக்கிறது."

"அரிசி யாருக்கு வேண்டும்? நான் சோறு கேட்டேன்." அரிசிதான் சோறாகிறது என்பது அவனுக்குப் புதுச் செய்தி.

பிச்சாண்டி கிணற்றில் நீர் இறைத்தான். அரிசியைக் களைந்தான். பானையை ஏற்றினான். எல்லாவற்றையும் ஊருக்கே காட்டுவதுபோல நிதானமாகச் செய்தான். பிறகு தன் கஞ்சியை ஊற்றிக் குடித்தான். இளவரசனின் கண்கள் அந்தக் கிண்ணத்தைவிட்டு நகரவில்லை.

"எனக்கு?"

"ஒரு ஆளுக்குத்தான் வைத்தேன், இளவரசே."

"நான் என்ன செய்வது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் நாக்கு போய்விடும். பிச்சாண்டி உதட்டை மடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

பையன் அழுதான். சிறிது நேரம் நன்றாகவே அழுதான். அழுகைக்கும் ஆள் வராததால் அதை நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போனான். முதல் வாளி பாதியில் நழுவியது. இரண்டாவது இழுப்பில் வேட்டி மொத்தமாக அவிழ்ந்தது. சுற்றும்முற்றும் பார்த்தான். பிறகு வைக்கோல் கட்டுவதுபோல இடுப்பில் சுற்றி ஒரு முரட்டு முடிச்சுப் போட்டான். அசிங்கமான முடிச்சுதான், ஆனால் அவிழவில்லை. அணைந்துபோன அடுப்பை மூட்டினால் புகைதான் வந்தது, கண் சிவந்தது, விரலில் சுட்டுக்கொண்டு அலறினான்.

அந்த அலறலில் பிச்சாண்டியின் உடம்பு பதறியது. ஓடிப்போய் ஊதுகுழலைப் பிடுங்கி, தானே ஊதிப் பற்றவைத்துக் கொடுத்துவிடத் துடித்தது. பெற்றவர்கள் எல்லோரும் தோற்றுப்போகிற இடம் அதுதான். அன்பு என்று சொல்லிக்கொண்டு ஊதுகுழலைப் பிடுங்கிவிடுவார்கள். பிறகு ஆயுள் முழுக்க ஊதிக்கொண்டே இருப்பார்கள், பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று புலம்பியபடி. பிச்சாண்டி தன் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்துகொண்டான்.

நெருப்பு பிடித்தது. கஞ்சி அடியில் தீய்ந்தது, மேலே வேகவில்லை, உப்பும் இல்லை. இளவரசன் தன் கையால் அள்ளித் தின்றான். பாதி தரையில் சிந்தியது. தின்று முடித்துப் பானையைப் பார்த்துச் சிரித்தான். பிறகு யாரும் சொல்லாமலே இரண்டாவது பானையை ஏற்றினான்.

பொழுது சாயும் வேளையில் வாசனை பிடித்துக்கொண்டு ராஜாவே வந்து நின்றான். காலையிலிருந்து அவனுக்கும் பச்சைத் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. மகன் ஒரு கிண்ணம் கஞ்சியை நீட்டினான். ராஜா வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். கிண்ணத்தை மறுபடியும் நீட்டினான்.

விஜயதசமிக் காலையில் பூஜை முடிந்து ஆயுதங்களை விடுவித்தார்கள். மரத்த காலோடு பிரதானி எழுந்தார். பசியில் கண் பஞ்சடைத்திருந்தது. பூஜையில் வைத்த பொரியை அதற்குள் எறும்பு கொண்டுபோயிருந்தது. இளவரசன் தான் பொங்கிய கஞ்சிப் பானையைச் சபைக்குக் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினான். பிரதானி மூன்று கிண்ணம் குடித்தார். குடித்ததும் பலம் வந்துவிட்டது.

"மகாராஜா! இளவரசர் விரலில் கொப்புளம்! பிச்சாண்டி வேலை வாங்கியிருக்கிறான். அறுக்கச் சொல்லுங்கள் நாக்கை!"

ராஜா மகனைப் பார்த்தான். "இவன் உன்னை வேலை செய்யச் சொன்னானா?"

"எங்கே சொன்னார், அப்பா? நான் கேட்டுக்கூடச் சொல்லவில்லை. கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு வாய் கஞ்சிகூடத் தரவில்லை."

பிரதானி சளைக்கவில்லை. "அப்படியானால் இவன் எதையும் கற்பிக்கவில்லை! இளவரசருக்கு ஒன்றும் தெரியாது! அப்போதும் நாக்கு போக வேண்டியதுதான்!"

"ஐயா," என்றான் பிச்சாண்டி, "மீசையில் கஞ்சி ஒட்டியிருக்கிறது. முதலில் அதைத் துடைத்துக்கொண்டு இளவரசருக்குப் பொங்கத் தெரியாது என்று சொல்லுங்கள்."

சபை வெடித்தது. எப்போதும் யார் பக்கம் சிரிப்பது என்று பார்த்துச் சிரிக்கிற சபை, இந்த முறை பாராமலே சிரித்துவிட்டது. பிரதானி மீசையைத் தடவிப் பார்த்து, கையைப் பார்த்து, உட்கார்ந்துவிட்டார். ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

"என் பழைய ஆணை இன்றோடு ஒழிந்தது. பிச்சாண்டி, உன் நாக்கு உனக்கே. அதோடு இதோ, என் முத்துமாலை!"

சொல்லிவிட்டு ராஜா கையைப் பின்னால் கொண்டுபோய் மாலையின் கொக்கியைத் தேடினான். விரல் அங்கே போனது, இங்கே போனது. கொக்கி அகப்படவில்லை. பிறந்ததிலிருந்து யாரோ மாட்டிவிட்டு யாரோ கழற்றிய கழுத்து அது. சேவகர்கள் நாலு பேர் பாய்ந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இளவரசன் ஓடினான். "இருங்கள் அப்பா, நான் கழற்றுகிறேன்!"

"இளவரசே, கையை எடுங்கள்" என்றான் பிச்சாண்டி. "எல்லோரும் தள்ளி நில்லுங்கள்."

ஒரு ராஜாவை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பேச்சா இது? கோதண்டவர்மன் இரண்டு கைகளையும் பிடரியில் வைத்தபடி விகடகவியை முறைத்தான்.

"பிச்சாண்டி! இந்த வயதில் இதையும் நானேதான் செய்ய வேண்டுமா?"

பிச்சாண்டி சபை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"அவசரமே இல்லை, மன்னா. நான் காத்திருக்கிறேன்."

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே கொக்கியைத் தேடினான். உமையாளின் கழுத்தில் முத்துமாலை ஏறும்போது மத்தியானம் ஆகியிருந்தது.