சங்கிலிமுத்து கரையை வெட்டிய நியாயம்

"நான் செஞ்சது நியாயமா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்கம்மா."

மடத்து வாசலில் நின்று சங்கிலிமுத்து கேட்டார். அவருக்கு வயது அறுபது. எங்கள் குரு உலகம்மைக்கு அதில் பாதிதான் இருக்கும். ஆனால் அந்த மீசைக்காரர் குனிந்து கும்பிடுகிற ஒரே ஆள் எங்கள் குருதான். சும்மாவா!

"உட்காருங்க அண்ணாச்சி. என்ன நடந்தது?"

"பேய் மழை. குளம் உடையப்போவுது. தானா உடைஞ்சா கிழக்கே நாலு குடிசை போயிரும். மேற்கே வெட்டிவிட்டா வயல் போயிரும். நான் மேற்கே வெட்டினேன்."

"யார் வயல்?"

"எந்தம்பி சோலையப்பன் வயல். அறுப்புக்கு நின்ன நெல்லு."

மீசையைத் தடவிக்கொண்டார்.

"கை நடுங்கலை. கண்ணு கலங்கலை. பாசம், பரிதாபம் எல்லாத்தையும் தூக்கி ஓரமா வச்சிட்டு அறிவை மட்டும் கேட்டேன். குளத்துக்குப் பொறுப்பாளின்னா அப்படித்தான் இருக்கணும்."

"பிறகென்ன குறை?"

"தம்பி பேச மாட்டேங்கான். தையில அவன் மவளுக்குக் கல்யாணம். பெரியப்பன் நான் வரக்கூடாதாம்." குரல் அங்கே கொஞ்சம் இறங்கியது. "கணக்கைத் தெளிவா எடுத்துச் சொன்னேன். காதுலயே வாங்கலை."

"அந்த வயல் எத்தனை பேருக்குச் சோறு போடும்?"

"ஊர்ல பாதிக்குப் போடும்."

"அந்தக் குடிசைக?"

"ஓலைக் குடிசை. வெயில் அடிச்சா மறுபடி கட்டிரலாம்."

"அப்போ அறிவு குடிசையைத்தானே போகவிடச் சொல்லியிருக்கும்?"

சங்கிலிமுத்துவுக்குச் சுருக்கென்றது.

"உள்ள ஆளு இருந்துச்சும்மா! கடைசிக் குடிசையில பொண்ணு ஒருத்தி பிரசவ வலியில கிடந்தா. தூக்கவும் முடியலை, நகத்தவும் முடியலை."

"கிடக்கட்டுமே. அவ உங்களுக்கு யாரு?"

"யாரா இருந்தா என்ன!"

குருவின் முன்னால் ஒருநாளும் குரல் உயர்த்தாதவர் எழுந்தே விட்டார். மீசை துடித்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அவ கத்தின கத்து இன்னும் காதுல கேக்குது. போகட்டும்னு விடச் சொல்லுதீங்களா? உங்களுக்கெல்லாம் மனசே கிடையாதா?"

யாரிடம் என்ன பேச்சு!

குரு சிரித்தார். அத்தனை பெருமையாக அவர் ஒரு சீடரைப் பார்த்து நாங்கள் கண்டதே இல்லை.

"எனக்கு இருக்கிறது இருக்கட்டும் அண்ணாச்சி. உங்களுக்கு இருக்கிறது தம்பிக்குத் தெரியுமா?"

சங்கிலிமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்துக்குக் கொண்டுபோனார்.

"துடைக்காதீங்க," என்றார் குரு. "அப்படியே போங்க."