ஒன்பது பெரிய முகங்கள்

கம்ப்யூட்டர் மவுஸைக் கல்லூரிக்கு வந்துதான் முதன்முதலாகத் தொட்டாள் எப்சிபா. ஒரே வருஷத்தில் கல்லூரி அழைப்பிதழ்களெல்லாம் அவள் கைவேலைதான்.

ஆண்டு விழாவுக்குத் தாளாளர் தர்மசீலன் அவளைக் கூப்பிட்டார்.

“நிர்வாகிகள் ஒன்பது பேர் படமும் வரணும். என் படம்தான் பெரிசா இருக்கணும். ஆனா மத்தவங்க ஒருத்தரும் முகம் சுளிக்கக் கூடாது. சுளிச்சா, நீ இனி லேப் பக்கமே வராதே!”

“சரிங்கய்யா.” ஒரு நிமிஷம் ஜெபித்துவிட்டு உட்கார்ந்தாள். சாயங்காலமே ஒன்பது பேருக்கும் வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் போய்விட்டது.

மறுநாள் நிர்வாகிகள் கூட்டத்துக்கு அவளையும் வரவழைத்து அத்தனை பேரும் புகழ்ந்தார்கள். தாளாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“என் படம் பெரிசுன்னு ஒருத்தருக்கும் வருத்தமில்லையா?”

“உம்ம படமா? என் படமல்லவா பெரிசு!” என்றார் பொருளாளர்.

ஒன்பது செல்போனும் மேசைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் அதன் சொந்தக்காரர் முகமே பெரிசு! எட்டுப் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“என்ன பிள்ளே இது?” என்று சீறினார் தாளாளர்.

“ஒரே அழைப்பிதழை ஒன்பது விதமா மாத்தலாம்னு நம்ம லேப்லதான் படிச்சேன் அய்யா. மத்தவங்க யாரும் முகம் சுளிக்கலையே. சுளிக்கிறது நீங்க மட்டும்தான்.”

தாளாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து லேப் சாவியே எப்சிபா கையில்தான்.