நீர்க்கோழி ஒளித்த ஏழாவது இலை

அல்லிக்குளத்தின் கரையில் காட்டு நெல் கருகிக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லாமல் கருகவில்லை. குளம் ததும்பிக்கொண்டுதான் இருந்தது. பச்சைப் பயிருக்கு நடுவே ஒரு வட்டம் காய்ந்தது. மறுநாள் பக்கத்தில் இன்னொரு வட்டம் காய்ந்தது.

அந்த நெல்லை நம்பித்தான் சில்லைக்குருவிகள் கூடு கட்டியிருந்தன. குஞ்சுகள் வாய் திறக்கும் நேரத்தில் கதிரில் பால் பிடிக்கும். அந்த இளம் மணியைக் கொத்திக் கொண்டுபோய் ஊட்டும். இந்த வருஷம் முட்டைகள் பொரியப் பத்து நாள்கூட இல்லை. பயிரோ காய்கிறது!

"யார் வேலை இது?" என்று தாய்ச் சில்லை அலறியது.

தவளை தட்டானைக் கை காட்டியது. தட்டான் நத்தையைக் கை காட்டியது. நத்தை பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கூட்டம் கலைந்தே போய்விட்டது.

குளத்துக்குத் தலைவர் ஆமை. அவர் மறுபடியும் எல்லோரையும் கூட்டினார். "கத்தினால் நெல் பச்சையாகுமா? யாராவது கரை முழுக்கச் சுற்றி ஒழுங்காக ஆராய்ந்து வாருங்கள்!" என்றார்.

"நான் போகிறேன்!" என்று முன்னால் வந்தது நீர்க்கோழி.

நீல இறகு, சிவப்பு மூக்கு, இலைமேல்கூட நடக்கும் நீண்ட விரல்கள். குருத்தும் கிழங்கும்தான் அதன் சாப்பாடு. நல்ல புத்திசாலி, உழைப்பாளி. ஒரே ஒரு குறை. யாராவது பாராட்டினால் போதும், அதன் கழுத்து இரண்டு விரற்கடை நீண்டுவிடும்.

நீர்க்கோழி கரையை எட்டுப் பாகமாகப் பிரித்தது. பாகத்துக்கு ஓர் அல்லி இலையைப் பறித்துக் கரையில் வரிசையாக விரித்தது. ஒவ்வொரு பாகத்திலும் பத்து நெல் தூர்களை விலக்கிப் பார்த்தது. தூர் காய்ந்திருந்தால் இலையில் ஒரு வெள்ளைக் கல். தூரின் அடியில் சிலந்தி இருந்தால் ஒரு கறுப்புக் கல். இந்தச் சிலந்திகள் வலை பின்னுவதில்லை. தண்ணீரை ஒட்டித் தண்டுகளுக்கு நடுவே ஓடித் திரியும். நீர்க்கோழி எண்ணியதோ உச்சி வெயிலில். அந்த நேரத்தில் அவை நிழலில் அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

முதல் பாகத்தில் வெள்ளைக் கல்லும் நிறைய, கறுப்புக் கல்லும் நிறைய. இரண்டாம் பாகத்தில் வெள்ளையும் குறைவு, கறுப்பும் குறைவு. ஆறு பாகம் பார்த்தாகிவிட்டது. எங்கே பயிர் காய்ந்ததோ அங்கே சிலந்தி அதிகம். எங்கே பச்சையோ அங்கே சிலந்தி குறைவு!

"ஆகா! அகப்பட்டான் திருடன்!" என்று துள்ளியது நீர்க்கோழி.

"அப்படிச் சொல்லுங்கள், பண்டிதரே!" என்று கீழேயிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

நீர்க்கோழி குனிந்து பார்த்தது. தண்டின் அடியில் எள்ளளவு பழுப்பு நிறத் தத்துப்பூச்சி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் பின்னால் இன்னும் ஐம்பது அறுபது இருந்தன.

"நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டது நீர்க்கோழி.

"நாங்களா? ஆளுக்கு ஒரு சொட்டுச் சாறு குடித்துவிட்டு எங்கள் பாட்டுக்கு இருக்கிறோம்! எங்கள் உருவத்தைப் பாருங்கள். எங்களால் ஒரு பயிர் சாகுமா? அந்தச் சிலந்தியைப் பாருங்கள், எட்டுக் கால்! எட்டுக் காலால் மிதித்தால் எந்தத் தண்டு தாங்கும்? இத்தனை நாள் எவருக்கும் புரியாதது உங்களுக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டதே!"

கழுத்து இரண்டு விரற்கடை நீண்டது. நீர்க்கோழி வேறெதுவும் கேட்கவில்லை.

ஏழாவது பாகம் மேட்டுப் பாறைக்குக் கீழே இருந்தது. அங்கே போன நீர்க்கோழி திகைத்து நின்றது. பத்துத் தூரும் அடியோடு கருகிக் கிடந்தன. குளத்திலேயே மோசமான இடம் அதுதான். ஆனால் தேடித் தேடிப் பார்த்தும் ஒரு சிலந்தி இல்லை! போன வாரத்து மழையில் பாறையிலிருந்து இறங்கிய வெள்ளம் அங்கிருந்த சிலந்திகளை எல்லாம் அடித்துக்கொண்டு போயிருந்தது.

இலையில் பத்து வெள்ளைக் கல். கறுப்பு ஒன்றுகூட இல்லை.

'சிலந்தி இல்லாத இடத்தில் எப்படிக் காய்ந்தது?' என்று நீர்க்கோழி யோசித்தது. அந்த யோசனையோடு ஒரு நாழிகை உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் தூரத்தில் சில்லைகள் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. "நீர்க்கோழி கண்டுபிடித்துவிட்டதாம்! சாயங்காலம் சபையில் சொல்லப்போகிறதாம்!"

'ஒரு மூலைதானே! ஒரு மூலைக்காக எல்லாவற்றையும் மாற்றுவதா?' என்று நீர்க்கோழி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. ஏழாவது இலையைக் கல்லோடு சுருட்டியது. தன் கூட்டுக்கு அடியில் சேற்றில் வைத்து, காலால் மிதித்து அமுக்கியது. எட்டாவது பாகத்தைப் பார்க்கப் போனது. அது முதல் ஆறைப் போலவே இருந்தது. எவ்வளவு நிம்மதி!

சாயங்காலம் சபை கூடியது. நீர்க்கோழி இலைகளை வரிசையாக விரித்தது. "பாருங்கள்! கறுப்பு ஏறினால் வெள்ளை ஏறுகிறது. கறுப்பு இறங்கினால் வெள்ளை இறங்குகிறது. பயிரைக் கெடுப்பது சிலந்திதான்!"

"அடடா! அடடா!" என்று கூட்டம் இறகு தட்டியது. தவளை கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது.

சிலந்திகளின் நடுவிலிருந்து ஒரு தாய்ச் சிலந்தி முன்னால் வந்தது. அதன் வயிற்றின் பின்பக்கம் வெள்ளை முட்டைப் பை ஒன்று ஒட்டியிருந்தது. "அம்மா, நாங்கள் நெல்லைத் தின்றதைக் கண்ணால் பார்த்தீர்களா?" என்று கேட்டது.

"எண்ணிக்கையைப் பார்த்தேன். அது போதும்!"

"போன கோடையில் காட்டில் தீப்பிடித்தது. தீ இருந்த இடத்திலெல்லாம் யானைகள் நின்றன. தண்ணீர் பீய்ச்சி அணைக்கத்தானே நின்றன? யானையா தீ வைத்தது? எங்கள் இரை எங்கே அதிகமோ அங்கே நாங்கள் அதிகம். பயிரைக் கொல்வது தத்துப்பூச்சி. நாங்கள் அதைத் தின்கிறோம். ஒரே ஒரு நாள் அந்தி சாயும்வரை எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்!"

ஆமை தலையை நீட்டினார். "நீர்க்கோழி, இங்கே ஏழு இலைதான் இருக்கிறது. நீ பிரித்தது எட்டுப் பாகம் அல்லவா?"

எல்லோரும் நீர்க்கோழியையே பார்த்தார்கள். தாய்ச் சில்லையின் கண்ணில் எவ்வளவு நம்பிக்கை!

"ஓர் இலை காற்றில் பறந்துவிட்டது, ஆமையாரே. அதுவும் இதே மாதிரிதான் இருந்தது" என்றது நீர்க்கோழி.

அவ்வளவுதான். சிலந்திகளைக் குளத்துக்கு அந்தப் பக்கம், புல் பூண்டு முளைக்காத பாறைக் கரைக்குத் துரத்த வேண்டும் என்று சபை முடிவு செய்தது. முந்நூறு சிலந்திகள் தண்ணீர்மேல் கால் பாவி நடந்து போயின. தாய்ச் சிலந்தி கடைசியாகப் போனது. முட்டைப் பை நனையாமல் இருக்க வயிற்றை உயர்த்திக்கொண்டே போனது. நீர்க்கோழி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கூட்டம் அதைத் தூக்கிவைத்துக் கொண்டாடியபோது சிரித்தது. ஆனால் சாப்பாடு இறங்கவில்லை.

நான்கு நாள் கொண்டாட்டம் நடந்தது. ஐந்தாம் நாள் தத்துப்பூச்சிகள் கொண்டாடின! தடுக்க ஆள் இல்லை. ஒன்று நூறாயிற்று. நூறு எண்ண முடியாததாயிற்று. வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. கரை முழுதும் வைக்கோல் நிறமாயிற்று.

"ஆளுக்கு ஒரு சொட்டு என்றீர்களே!" என்று நீர்க்கோழி கத்தியது.

"ஆளுக்கு ஒரு சொட்டுத்தான், பண்டிதரே! நாங்கள் எத்தனை ஆள் என்று நீங்கள் எண்ணவே இல்லையே!" என்று தத்துப்பூச்சி சிரித்தது.

சில்லைகளின் முட்டைகள் பொரிந்தன. கூடுதோறும் குஞ்சுகள் கத்தின. பிறகு சில கூடுகளில் சத்தம் குறைந்தது. சில கூடுகளில் நின்றுவிட்டது. நீர்க்கோழி தன் கூட்டை விட்டு வெளியே வராமல் கிடந்தது. ஏழாவது இலைக்குமேலேயே உட்கார்ந்திருந்தது. தான் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தால்! இந்த நினைப்பு வந்ததும் எழுந்து ஓடிச் சொல்லலாமே என்று தோன்றும். உடனே எல்லோர் முகமும் நினைவுக்கு வரும். மறுபடி தலையைச் சிறகுக்குள் செருகிக்கொள்ளும்.

ஒருநாள் காலை தாய்ச் சில்லை அதைத் தேடி வந்தது. வாயில் ஒரு நெற்கதிர் இருந்தது.

"அக்கா, சிலந்தியைத் துரத்தியும் எங்கள் தலைவிதி மாறவில்லை. ஐந்து குஞ்சில் இரண்டு போய்விட்டது. அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள்? எங்களுக்காக வெயிலில் அலைந்தீர்களே, அதை நாங்கள் மறக்கமாட்டோம். அதான் இதைக் கொண்டுவந்தேன்."

நீர்க்கோழி கதிரை மூக்கால் தொட்டது. ஒரு மணிகூட இல்லை. எல்லாம் பதர்.

"உள்ளே ஒன்றும் இல்லை அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கரையில் நின்றிருந்த கடைசிக் கதிர். ஒரு மரியாதைக்குக் கொண்டுவந்தேன்" என்றது சில்லை.

திட்டியிருந்தால் தாங்கியிருக்கும். கொத்தியிருந்தாலும் தாங்கியிருக்கும். குஞ்சைப் பறிகொடுத்தவள் வந்து நன்றி சொன்னதை நீர்க்கோழியால் தாங்க முடியவில்லை. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. ஆனால் பூமி யாருக்காகவும் அப்படிப் பிளப்பதில்லை. நாமேதான் எழுந்து போக வேண்டும்.

நீர்க்கோழி சேற்றைக் கிளறியது. அழுகிய இலையையும் பத்து வெள்ளைக் கல்லையும் வெளியே எடுத்தது. "என்னோடு வா. நீ கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது" என்றது.

சபை கூடியதும் கற்களை நடுவில் வைத்தது. "இதுதான் ஏழாவது இலை. காற்றில் பறக்கவில்லை. நான் சேற்றில் புதைத்தேன். அந்த மூலையில் சிலந்தியே இல்லை. ஆனாலும் பயிர் அத்தனையும் செத்திருந்தது. சிலந்தி சொன்னதுதான் நிஜம் என்று இந்த இலை அன்றைக்கே சொல்லியது. நீங்கள் இறகு தட்டுவீர்கள் என்று ஆசைப்பட்டு மறைத்தேன்."

தாய்ச் சில்லை அதன் முகத்தையே பார்த்தது. பிறகு தான் கொண்டுவந்த பதர்க்கதிரைத் திருப்பி எடுத்துக்கொண்டு பறந்துபோயிற்று.

தவளை திட்ட வாயைத் திறந்தது. அன்றைக்குத் தொண்டை கட்டும்வரை கத்தியது ஞாபகம் வரவே, மூடிக்கொண்டது. ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து, "ஓர் இலை குறைகிறது என்று தெரிந்தும் தீர்ப்புச் சொன்னவன் நான்" என்று குரல் வந்தது.

நீர்க்கோழி தண்ணீரில் இறங்கி, பாறைக் கரைக்கு நீந்தியது. அங்கே இண்டு இடுக்கெல்லாம் தேடியது. முந்நூறில் நாற்பத்தொரு சிலந்திகள்தான் மிஞ்சியிருந்தன. மற்றவை பசியிலும் வெயிலிலும் போய்விட்டன. தாய்ச் சிலந்தியின் முட்டைப் பை வெடித்திருந்தது. அதன் முதுகு முழுக்கக் கடுகுபோல் குட்டிகள் அப்பிக்கொண்டிருந்தன.

"தப்பு என்னுடையது. தெரிந்தே செய்த தப்பு. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. திரும்பி வரச் சொல்லித்தான் கேட்க வந்தேன்" என்றது நீர்க்கோழி.

"சில்லைக் குஞ்சுகள் எப்படி இருக்கின்றன?" என்று கேட்டது சிலந்தி.

"பாதி இல்லை."

சிலந்தி தன் முதுகிலிருந்த குட்டிகளை ஒரு காலால் தடவிக்கொடுத்தது. பிறகு சொன்னது: "வருகிறோம். உன் சொல்லுக்காக இல்லை, மீதிப் பாதிக்காக. எங்கள் காலில் நடக்கத் தெம்பு இல்லை. நீதான் சுமக்க வேண்டும்."

நீர்க்கோழி குனிந்தது. நாற்பத்தொரு சிலந்திகளும் அதன் முதுகில் ஏறின. குளத்தின் நடுவே அது நீந்தி வருவதை எல்லோரும் கரையில் நின்று பார்த்தார்கள். இந்த முறை யாரும் இறகு தட்டவில்லை.

அன்றிலிருந்து நீர்க்கோழி நெல் தூருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது. காலையிலிருந்து அந்தி சாயும்வரை அசையாமல் பார்த்தது. சிலந்தி பாய்ந்தது, தத்துப்பூச்சியைப் பிடித்தது, தின்றது. மறுபடி பாய்ந்தது. ஒரே நாளில் ஒரு சிலந்தி பதினொரு பூச்சி! "உட்கார்ந்து பார்த்தாலே தெரிந்திருக்குமே!" என்று நீர்க்கோழி முணுமுணுத்தது. பக்கத்தில் கேட்பார் யாரும் இல்லை.

அந்த வருஷத்துப் பயிர் போனது போனதுதான். மிஞ்சிய குஞ்சுகளைச் சில்லைகள் தூரத்துப் புல் விதையால் எப்படியோ காப்பாற்றின. அடுத்த மழைக்கு வேரிலிருந்து புதுத் தூர் வெடித்தது. சிலந்திக் குட்டிகள் வளர்ந்து கரை முழுக்கப் பரவின. நெல் மறுபடி பால் பிடித்தது. சில்லைகள் மறுபடி முட்டையிட்டன. தாய்ச் சில்லை மட்டும் நீர்க்கோழியோடு பேசவில்லை. நீர்க்கோழியும் பேச்சுக் கொடுக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் அல்லி இலைகளில் ஓட்டை விழத் தொடங்கியது. ஆமை மறுபடி நீர்க்கோழியையே அனுப்பினார். சில நாள் கழித்துச் சபை கூடியது. எட்டு இலைகளோடு வந்த நீர்க்கோழி, ஓர் இலையை மட்டும் எடுத்து எல்லோருக்கும் முன்னால் வைத்தது.

"முதலில் இதைப் பாருங்கள். நான் சொல்லப்போவதற்கு இது ஒத்துவரவில்லை. ஏன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியும்வரை யாரையும் துரத்தக்கூடாது."

கூட்டத்தின் கடைசியில், பறக்கத் தயாராக இறகை விரித்திருந்தது தாய்ச் சில்லை. அது இறகை மடக்கிக்கொண்டு மறுபடி உட்கார்ந்து கேட்டது.

தன் முடிவுக்கு ஒத்துவராத உண்மையை ஒளித்துவைத்துப் பெறும் பாராட்டுக்கு, ஒரு பாவமும் அறியாதவர்களே பலியாகிறார்கள்.