முதுகைத் திருப்பிக்கொண்ட குரங்குகள்

ஒரு காட்டில் தூக்கம் கெட்ட புள்ளிமான் ஒன்று இருந்தது. ஓர் இலை அசைந்தால்கூட மருண்டு பார்க்கும். அதனால் மற்ற மான்கள் அதை மருளி என்றே கூப்பிட்டன.

மருளிக்கு ஒரு குட்டி. அதன் பெயர் சின்னி. புல்லை வாயில் வைத்துக்கொண்டு, மெல்லவும் தெரியாமல் துப்பவும் தெரியாமல் விழிக்கிற பருவம்.

பகலெல்லாம் சின்னி நாலு மடக்குக் குடிப்பதும் துள்ளிக்கொண்டு ஓடுவதுமாகத் திரியும். பொழுது சாய்ந்தால் போதும், கீச்சுக் குரலில் அழ ஆரம்பித்துவிடும். மருளி எழுந்து பால் கொடுத்தால் அடங்கும். அப்பாடா என்று மருளி கண்ணை மூடுவதற்குள் மறுபடியும் அழும். விடியும்வரை இதே பாடுதான்.

'யாரோ என் பிள்ளைக்கு ஏதோ செய்கிறார்கள்' என்று மருளி நினைத்தது.

முதலில் ஆந்தை மேல் சந்தேகப்பட்டது. பிறகு முள்ளம்பன்றி மேல். அதற்கும் பிறகு, "உன் குட்டிக்கு எவ்வளவு அழகான கண்!" என்று சொன்ன பக்கத்து மான் மேல். கருகிய கட்டை ஒன்றில் மூக்கைத் தேய்த்து, சின்னியின் நெற்றியில் கரிப்பொட்டு வைத்தது. அன்று இரவு சின்னி பொட்டோடு அழுதது. வேறு மாற்றம் ஒன்றும் இல்லை.

மருளியின் முதுகில் தினமும் ஒரு காக்கை வந்து உட்காரும். உண்ணி பொறுக்கித் தின்னும். தின்றுகொண்டே கோளும் சொல்லும்.

"மகராசி, நீ ஆந்தையைப் போய்ச் சந்தேகப்படுகிறாயே! தலைக்கு மேலே பார்" என்றது காக்கை.

மேலே அத்தி மரம். அதில் குரங்குக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. ஒரு மந்தி தன் குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கீழே பார்த்தபடி இருந்தது. எதையும் கூர்ந்து பார்ப்பது அந்த மந்தியின் குணம். சிறுத்தை வந்தால் முதலில் குரல் கொடுப்பதும் அதுதான்.

"பார்த்தாயா, எப்படிப் பார்க்கிறது என்று? பால் கொடுக்கும்போது அடுத்தவர் பார்த்தால் பாலுக்குக் கண் பட்டுவிடும். உன் அம்மா உனக்குச் சொல்லித் தரவில்லையா?" என்று கேட்டது காக்கை.

சொல்லித்தான் தந்திருந்தது.

சந்தேகப்படுகிற மனசு யாரையும் நம்பாது. கூடச் சேர்ந்து சந்தேகப்படுகிறவரை மட்டும் நம்பிவிடும். மருளி காக்கையை நம்பியது.

அன்றிலிருந்து, சின்னி மடியில் வாய் வைத்து நாலு மடக்குக் குடிப்பதற்குள் மருளி மேலே பார்க்கும். கிளை அசையும். உடனே சின்னியை உதறிவிட்டு அடுத்த புதருக்கு ஓடும். அங்கே நாலு மடக்கு. "பார்க்கிறார்கள்!" என்று காக்கை கத்தும். உடனே வேறு புதர்.

மந்தி கீழே உதிர்க்கும் அத்திப் பழங்களை மற்ற மான்கள் ஆசையாகத் தின்னும். மருளி தொடாது. 'மருந்து கிருந்து வைத்திருந்தால் என்ன செய்வது?' என்று அதற்குப் பயம்.

இருட்டிய பிறகு யார் கண்ணும் தெரியாது. அப்போதுதான் மருளி நிம்மதியாகப் பால் கொடுக்கும். சின்னியோ முன்பைவிட அதிகமாக அழுதது.

ஒரு நாள் காலை, மான்கூட்டத்தின் தலைவன் மருளியைத் தேடி வந்தது. பெரிய கொம்புள்ள ஆண்மான் அது. கண்டிப்பு அதன் குணம்.

"மருளி, ஓடைக்கரைச் சேற்றைப் பார்த்தாயா?"

"இல்லை அண்ணே."

"சிறுத்தையின் காலடி. முந்தாநாள் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இன்றைக்கு இந்தப் பக்கம் இருக்கிறது. எந்தச் சத்தத்தைக் கேட்டு வருகிறது என்று நான் வேறு சொல்லவேண்டுமா?"

மருளி தலையைக் குனிந்துகொண்டது.

"இன்று ஓர் இரவு பார்ப்பேன். குட்டி இப்படியே அழுதால், நாளைக் காலையில் நீங்கள் இரண்டு பேரும் கூட்டத்தை விட்டுப் போய்விடவேண்டும்."

"பச்சைப்பிள்ளை அண்ணே..."

"மற்றவர்களுக்கும் பச்சைப்பிள்ளை இருக்கிறது, மருளி." தலைவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

காக்கை முதுகில் வந்து உட்கார்ந்தது.

"கேட்டாயா மகராசி! போ என்று சொல்லும்வரை நீ ஏன் காத்திருக்கிறாய்? மூங்கில் புதர்ப் பக்கம் இப்போதே போய்விடு. அங்கே குரங்கு கிடையாது, மான் கிடையாது. ஒரு கண்ணும் கிடையாது."

"தனியாகவா?"

"நான் இல்லையா உனக்கு?"

காக்கை ஏன் இவ்வளவு அக்கறைப்பட்டது, தெரியுமா பிள்ளைகளே? சிறுத்தை தின்றது போக மீதியைக் கொத்துவதுதான் அதற்குப் பிடித்த சாப்பாடு. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அந்தச் சாப்பாடு அதற்குக் கிடைக்கவில்லை.

பாவம், மருளிக்கு இது தெரியாது. சின்னியைக் கூட்டிக்கொண்டு கிளம்பியது.

அத்தி மரத்தைத் தாண்டும்போது, தாழ்ந்த கிளைக்கு ஒரு வால் இறங்கியது. பின்னாலேயே மந்தியும் இறங்கியது.

"எங்கே கிளம்பிவிட்டாய் தங்கச்சி?"

"உனக்கு எதற்கு அது?"

"மூங்கில் புதர்ப் பக்கமா போகிறாய்? அது சிறுத்தை நடக்கிற தடம். மேலே இருந்து பார்க்கிற எனக்குத் தெரியும்."

"உனக்குத் தெரியாமல் இருக்குமா? பார்ப்பதுதானே உன் வேலை!" மருளி இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததைக் கொட்டிவிட்டது. "என் பிள்ளை பால் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா?"

மந்தி கோபித்துக்கொள்ளவில்லை. தலையைச் சொறிந்தது.

"ஆமாம், பார்த்தேன். பார்த்ததைச் சொல்லட்டுமா? நேற்றுப் பகலில் உன் பிள்ளை ஏழு தடவை மடியில் வாய் வைத்தது. ஏழு தடவையும் நீ உதறிவிட்டு ஓடினாய். ஒரு தடவைகூட அது தானாக வாயை எடுக்கவில்லை."

மந்தி தன் வயிற்றில் ஒட்டியிருந்த குட்டியைக் காட்டியது.

"என் பிள்ளையைப் பார். குடித்துவிட்டு வாயைத் திறந்துபோட்டுத் தூங்குகிறது. வயிற்றைத் தட்டினால் பூசணிக்காய் மாதிரி இருக்கும். இப்போது உன் பிள்ளையின் வயிற்றைப் பார்."

மருளி பார்த்தது. சின்னியின் விலாவுக்குக் கீழே குழி விழுந்திருந்தது.

"நம்பாதே மகராசி! தன் கண்ணை மறைக்க உன்மேல் பழி போடுகிறது!" என்று காக்கை முதுகில் குதித்தது.

மருளியின் காதுகள் ஒரு பக்கம் மந்தியிடமும் ஒரு பக்கம் காக்கையிடமும் திரும்பின. எதை நம்புவது?

மந்தி கொஞ்சம் யோசித்தது.

"சரி தங்கச்சி. என் கண்தானே குற்றம்? இனி நாங்கள் யாரும் பார்க்கவில்லை. நீ சொல்லும்வரை எங்கள் முதுகைத்தான் பார்ப்பாய். இங்கேயே நின்று பால் கொடு. பிள்ளை தானாக விடும்வரை நகராதே. இன்று இரவும் இப்படியே அழுதால், நாளை நீ எங்கே வேண்டுமானாலும் போ."

பிறகு மரத்தைப் பார்த்துக் கத்தியது: "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்கள்!"

"எதற்காம்?" என்று மேலே இருந்து ஒரு குரல் கேட்டது.

"ஒரு அம்மா வெட்கப்படுகிறாள். திரும்பு என்றால் திரும்பேன்!"

"சிறுத்தை வந்தால் யார் பார்ப்பது?"

"உச்சிக்கிளையில் இருக்கிறவன் தூரத்தைப் பார்க்கட்டும். கீழே பார்த்தால் வாலைப் பிடித்து இழுப்பேன்!"

குரங்குகள் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திரும்பி உட்கார்ந்தன. மரம் முழுக்க முதுகுகள். கீழே தொங்கிய வால்கள் ஆலம் விழுதுகள் போல ஆடின. மந்தியும் திரும்பிக்கொண்டது.

சின்னி ஓடி வந்து மடியில் முட்டியது. ஒரு மடக்கு. இரண்டு மடக்கு.

"பார்க்கிறார்கள்!" என்று காக்கை கத்தியது.

மருளி சட்டென்று தலையைத் தூக்கியது. மரத்தில் ஒரு முகமும் இல்லை. எல்லாம் முதுகுதான்.

சின்னி விட்ட இடத்திலிருந்து குடித்தது. மூன்று மடக்கு. நாலு மடக்கு.

"ஐயோ, பார்க்கிறார்கள்! ஓடு மகராசி, ஓடு!"

மருளி மறுபடியும் பார்த்தது. இப்போதும் எல்லாம் முதுகுதான்.

ஐந்தாவது மடக்கில் காக்கை மூன்றாம் முறை கத்தியது. இந்தத் தடவை மருளி மேலே பார்க்கவில்லை. கழுத்தை வளைத்துத் தன் முதுகைப் பார்த்தது. அங்கே காக்கை தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் சின்னியையே பார்த்துக்கொண்டிருந்தது.

"காக்கை அண்ணே, எல்லாரும் திரும்பிவிட்டார்கள். பார்க்கிறது நீ மட்டும்தான்" என்றது மருளி.

"நானா? நான் உன் நன்மைக்காக..."

"மூங்கில் புதரில் ஒரு கண்ணும் இல்லை என்றாய். அது சிறுத்தையின் தடம் என்று ஏன் சொல்லவில்லை?"

"அது... அது வந்து, மறந்துபோச்சு."

"நீ எதைத்தான் மறந்திருக்கிறாய்? என் அம்மா சொன்னதுகூட உனக்கு ஞாபகம் இருக்கிறதே!"

மரத்தில் ஒரு முதுகு குலுங்கிச் சிரித்தது. மருளி தன் தோலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. காக்கை தடுமாறி விழப்போய், இறக்கையை அடித்துக்கொண்டு மூங்கில் புதர்ப் பக்கமே பறந்தது.

அதன்பிறகு சத்தமே இல்லை. சின்னி குடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒரு பக்கம் தீர்ந்ததும் மறுபக்கம் முட்டிக் குடித்தது. மருளி நகரவில்லை. ஓர் இலை விழுந்தது. அப்போதும் நகரவில்லை.

கடைசியில் சின்னி தானாகவே வாயை எடுத்தது. உதட்டில் பால்நுரை. நாலு அடி நடந்து, நிழலில் பொத்தென்று படுத்துத் தூங்கிவிட்டது. மருளி போய் அதன் வயிற்றை மூக்கால் தொட்டுப் பார்த்தது. குழியைக் காணவில்லை.

அப்போதுதான் மருளிக்குத் தன் பசியும் தெரிந்தது. கீழே கிடந்த அத்திப் பழம் ஒன்றை முகர்ந்தது. ஒரு முறைக்கு இரண்டு முறை முகர்ந்துவிட்டுத் தின்றது. ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று தின்றது.

பொழுது சாய்வதற்குள் சின்னி இன்னும் மூன்று தடவை குடித்தது. மூன்று தடவையும் தானாகத்தான் விட்டது.

இரவு வந்தது. சின்னி அழவில்லை.

அழவில்லையா? மருளிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'ஏன் இன்னும் அழவில்லை?' எழுந்து போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தது. வந்து படுத்தது. மறுபடியும் எழுந்து போய்ப் பார்த்தது. மூன்றாவது முறை எழுந்தபோது, இருட்டில் தலைவனின் குரல் கேட்டது.

"மருளி, அந்தப் பிள்ளையைத் தூங்க விடம்மா!"

விடியப்போகிற நேரத்தில் சின்னி ஒரே ஒரு தடவை முனகியது. மருளி பால் கொடுத்தது. குடித்ததும் சின்னி மறுபடியும் தூங்கிவிட்டது.

காலையில் தலைவன் ஓடைக்கரைக்குப் போய்ச் சேற்றைப் பார்த்தது. சிறுத்தையின் புதுக் காலடி இருந்தது. கரைவரை வந்து, நின்று, ஒரு சத்தமும் கேட்காததால் வந்த வழியே திரும்பிப் போயிருந்தது. மூங்கில் புதரில் காக்கை விடிய விடியப் பசியோடு உட்கார்ந்திருந்தது.

தலைவன் மருளியிடம் வந்தது. "இங்கேயே மேய், அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனது.

அத்தி மரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"தங்கச்சி, கழுத்து வலிக்கிறது. இப்போதாவது திரும்பலாமா?"

மருளி நிமிர்ந்து பார்த்தது. மரம் முழுக்க இன்னும் முதுகுகள்தான்.

"திரும்புங்கள் அக்கா" என்றது மருளி மெதுவாக. "வந்து பாருங்கள், என் பிள்ளை எப்படித் தூங்குகிறது என்று."

நீதி: பகலில் வயிறாரக் குடித்த பிள்ளை இரவில் கண்ணாரத் தூங்கும். அழுகைக்குக் காரணத்தை அடுத்தவர் கண்ணில் தேடுமுன் பிள்ளையின் வயிற்றில் தேடு.