பொம்மைக்குக் காய்ச்சல் வராது

இந்தக் கதையில் பொல்லாதவர் யாரும் இல்லை. மூன்று பேரும் ஒரு குழந்தைக்கு நல்லதையே நினைத்தார்கள். கேள்வி கடினமாவது அதனால்தான். யாருடைய கை எங்கே போகிறது என்பதை மட்டும் கவனித்துக்கொண்டு வாருங்கள்.

கோயம்புத்தூரில் குறைமாதக் குழந்தைகளுக்கான வெப்பக் கட்டில் செய்யும் சிறிய கம்பெனி ஒன்று இருந்தது. கட்டிலுக்கு மேலே ஹீட்டர். குழந்தையின் வயிற்றில் ஒரு சென்சாரை ஒட்டிவிடுவார்கள். உடம்பு குளிர்ந்தால் ஹீட்டர் தானே கூடும். சூடானால் தானே குறையும். ஏதாவது தவறினால் அலாரம் அடிக்கும். கட்டிலை இயக்கும் மென்பொருளை எழுதியவன் பூவண்ணன்.

அங்கே வேலையைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமையன்று, கட்டிலில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கிடத்தி, முடித்த துண்டை இயக்கிக் காட்டுவார்கள். பார்த்துக் குறை சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்து தெரசா சிஸ்டர் வருவார். ஆனால் எந்த மாற்றமும் ஆஸ்பத்திரிக்குள் நுழைய வேண்டுமானால் தரப் பிரிவில் இருக்கும் ஜைனப்பின் கையெழுத்து வேண்டும்; ஹீட்டரைத் தொடும் மாற்றமென்றால் அதற்குமேல் அரசின் அனுமதியும் வேண்டும்.

ஒருநாள் பூவண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். கம்பெனியின் கட்டில் ஒன்றில் வடிவு என்ற பெண்ணின் குழந்தை கிடந்தது. பூனைக்குட்டி அளவு உடம்பு. அவள் அதை மார்போடு அணைக்கத் தூக்கினாள். சென்சாரின் ஒட்டு விட்டது, அலாரம் அலறியது. சட்டென்று குழந்தையைக் கிடத்திவிட்டு, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். தெரசா ஓடிவந்தார். ஹீட்டரைத் தணித்தார், சத்தத்தை நிறுத்தினார், சென்சாரைத் திரும்ப ஒட்டினார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"ஏம்மா கீழ வச்சிட்டீங்க?" என்று பூவண்ணன் கேட்டான்.

"என்ற கை பட்டாலே கத்துதுங்க சார். இதுக்கு என்ற கை ஆகாது போல."

"வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தச் சத்தம் இருக்காதும்மா. நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வந்தான்.

'தாய் தூக்கும்போது அலாரம் அலறக் கூடாது' என்று சீட்டில் எழுதினான். சென்சார் திடீரென்று குளிர்ச்சி காட்டினால், சற்றுப் பொறுத்த பிறகே அலாரம் அடிக்கும்படி மாற்றினான். சின்ன மாற்றம்தான். வெள்ளிக்கிழமை வந்தது. வடிவு சொன்னதை அவன் எல்லோரிடமும் சொன்னபோது தெரசா உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு பொம்மையைத் தூக்கிப் பார்த்தார். சத்தமே இல்லை. கைதட்டிவிட்டார்.

"இன்னைக்கே குடுத்து அனுப்புங்க தம்பி. அந்தப் பொண்ணு பெத்த புள்ளையைத் தொடாம உக்காந்திருக்கா."

ஜைனப் கைதட்டவில்லை. "சென்சார் கழண்டா கட்டில் என்ன நினைக்கும்?"

"குழந்தை குளிர்ந்துடுச்சுன்னு."

"அப்போ ஹீட்டர்?"

"கூடும் மேடம்."

"எவ்வளவு?"

பூவண்ணனின் குரல் இறங்கியது. "முழுசா."

"தூக்கினது அம்மான்னு கட்டிலுக்கு எப்படித் தெரியும்? பக்கத்துல ஆளே இல்லாதப்போ குழந்தையே உதைச்சுக் கழட்டிடுச்சுன்னா?"

"கொஞ்ச நேரந்தானே பொறுக்குது மேடம். பொம்மைக்கு ஒண்ணும் ஆகலையே."

"பொம்மைக்குக் காய்ச்சல் வராது, பூவண்ணன்."

ஹீட்டரும் தணியும்படி சாயங்காலத்துக்குள் எழுதித் தருவதாக அவன் சொன்னான்.

"எழுதிடுவீங்க. ஹீட்டரைத் தொட்டா எல்லாச் சோதனையும் முதல்லேருந்து. அப்புறம் அனுமதி. மாசக்கணக்காகும்."

"சீக்கிரம் முடிக்கத்தானே வேலையை இப்படித் துண்டு துண்டா வெட்டறோம்?"

"தப்பைச் சீக்கிரம் பார்க்க. இதோ, பார்த்துட்டோம்."

சீட்டைப் பிய்த்தெடுத்து, இனிமேல் செய்ய வேண்டிய வேலைகளுக்கான முதல் வரிசையில் ஒட்டினாள் ஜைனப். போகும்போது, தன்னை அறியாமல், பொம்மைமீது விலகிக் கிடந்த துணியை இழுத்து மூடிவிட்டுப் போனாள். தெரசா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

அன்று மாலை, சொன்ன சொல் தவறியதைச் சொல்லப் பூவண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போனான். குழந்தை வடிவின் மார்பில் இருந்தது. அவன் வாய் திறப்பதற்குள் சென்சார் கழன்று அலாரம் அலறியது. வடிவு குழந்தையைக் கீழே வைக்கவில்லை. முதுகைத் தட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். தெரசா வந்து ஹீட்டரைத் தணித்தார், சத்தத்தை நிறுத்தினார்.

"அது தன்னைத் திட்டுதுன்னு இவ இத்தனை நாளா நினைச்சிருக்கா தம்பி. நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும். அடி பைத்தியமே, அது உன்னைத் திட்டல, என்னைக் கூப்பிடுதுன்னு சொன்னேன்" என்றார்.

பூவண்ணன் தலைகுனிந்தான். "சத்தத்தை எடுக்க முடியலம்மா."

"இருக்கட்டுங்க சார்" என்றாள் வடிவு. "கூப்பிட்டாத்தானே சிஸ்டர் வருவாங்க."

அன்பினால் அவசரப்பட்டான் பூவண்ணன். மறுத்து நின்றாள் ஜைனப். கட்டிலை அப்படியே விட்டுவிட்டுத் தாயின் பயத்தை மாற்றினார் தெரசா. சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: ஜைனப். அலாரம் அடிக்கும்போதெல்லாம் தெரசாவின் கை முதலில் போனது ஹீட்டருக்கு. பூவண்ணன் அதை நேரில் பார்த்தும் சத்தத்தை மட்டுமே சீட்டில் எழுதினான். தினமும் அதைச் செய்த தெரசாவோ பொம்மையின் முன்னால் மறந்துபோனார். இருவர் கண்ணிலும் தாயின் கையில் இருந்த குழந்தையே நின்றது. யாரும் தூக்காமல் தனியே கிடக்கும் குழந்தையை நினைத்தவள் ஜைனப் ஒருத்திதான். அவள் இணங்கியிருந்தால், 'என்னைக் கூப்பிடுது' என்று சொல்லத் தெரசாவுக்கு அந்தச் சத்தமே மிஞ்சியிருக்காது. விடை இதுதான் என்றாலும் ஒன்று உறுத்துகிறது. ஏன் கீழே வைத்தாய் என்று வடிவிடம் கேட்டவள் ஜைனப் இல்லை. அதை ஒருவன் கேட்காமல் இருந்திருந்தால், எல்லாம் சரியாகவே நடந்திருக்கும். வடிவின் கைகள் மட்டும் முந்தானைக்குள்ளேயே இருந்திருக்கும்.