மஞ்சாடிக் கரடியின் சொந்தக் குரல்

மஞ்சாடி என்ற பெண்கரடி குட்டியாக இருந்தபோதே காடெங்கும் பேர் வாங்கிவிட்டது. குளக்கரைப் பாறைமேல் ஏறி, இடுப்பை ஆட்டி ஆட்டி, கீச்சுக் குரலில் அது பாடும். யானை முதல் எலி வரை சொக்கிப்போய் நிற்கும்.

"பிள்ளை என்றால் மஞ்சாடிதான்! பொய் பேசாது, சண்டை போடாது, தேனைத் தவிர எதையும் வாயில் வைக்காது!" என்று தாய் விலங்குகள் தங்கள் குட்டிகளிடம் சொல்லும்.

இந்தப் பேரைப் பரப்பியது வங்கன் என்ற நரி. தாயில்லாத மஞ்சாடியை வளர்த்ததும் அதுதான். பாட்டுக் கேட்க வருபவர்கள் கொண்டுவரும் தேனடையும் பலாச்சுளையும் நேரே வங்கனின் குகைக்குப் போய்விடும்.

மஞ்சாடி வளர்ந்தது. தோள் அகன்றது. குரல் தடித்தது. வங்கனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"குட்டி மஞ்சாடியைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது! அரை வயிறு சாப்பிடு! பழைய குரலிலேயே பாடு!"

"தொண்டை வலிக்கிறது, மாமா."

"வலிக்கட்டும்! சிரித்துக்கொண்டே பாடு!"

பசியும் வலியும் பொறுக்காமல், மரத்தடியில் புளித்துக் கிடந்த இலுப்பைப் பூவை மஞ்சாடி ஒருநாள் அள்ளித் தின்றது. தலை கிறுகிறுத்தது. வலி மறந்துபோனது. மறுநாளும் தேடிப் போய்த் தின்றது. போகப் போக, பூ தின்னாவிட்டால் கைநடுக்கம் நிற்கவில்லை. வங்கன் இதைப் பார்த்தது. தடுக்கவில்லை. வலி தெரியாமல் பாடட்டும் என்று பூவைத் தானே பொறுக்கிவந்து கொடுத்தது!

ஒரு மதியம் மஞ்சாடி போதையில் குளத்தில் குப்புற விழுந்தது. அங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்த நீலி என்ற நீர்நாய் பாய்ந்து வந்து, அதன் காதைக் கடித்து எழுப்பியது. மஞ்சாடி இருமிக்கொண்டே கரையேறியது.

"யாரிடமும் சொல்லிவிடாதே, நீலி! என்னைக் காறித் துப்புவார்கள்!"

"சொல்லமாட்டேன். ஆனால் நீ இப்படியே செத்துப்போகவும் விடமாட்டேன்!"

அன்றிலிருந்து நீலி தினமும் வந்தது. கிழங்கும் மீனும் கொடுத்து வயிறாரச் சாப்பிட வைத்தது. பூவை விட்ட மஞ்சாடிக்கு உடம்பெல்லாம் உதறியது. இடையில் ஒருமுறை திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு, வெட்கத்தில் அழுதது. "அழுதது போதும். எழுந்து வா, குளிக்கலாம்!" என்றது நீலி. மெல்ல மெல்ல நடுக்கம் அடங்கியது.

வசந்த விழா வந்தது. காடே குளக்கரையில் கூடியது.

"கீச்சுக் குரலில் இனி பாடமாட்டேன், மாமா!" என்றது மஞ்சாடி.

வங்கன் பல்லைக் கடித்தது. "அப்படியா? நீ போதைக்காரி என்று இப்போதே எல்லாரிடமும் சொல்லிவிடுவேன்!"

மஞ்சாடி நேரே பாறைமேல் ஏறியது.

"நானே சொல்கிறேன்! நீங்கள் நினைக்கிற மஞ்சாடி நான் இல்லை. புளித்த பூவுக்கு அடிமையாகக் கிடந்தேன். இப்போது விட்டுவிட்டேன். தினமும் போராடித்தான் விடுகிறேன்!"

கூட்டத்திலிருந்து ஒரு தாய் மான் முன்னால் வந்தது.

"உன்னைப்போல் இருக்கச் சொல்லி என் குட்டியை எத்தனை முறை அடித்திருக்கிறேன்! ஐயோ, உன்னை ஒருமுறையாவது 'சாப்பிட்டாயா' என்று கேட்டேனா?"

மஞ்சாடியின் கண் நிறைந்தது. மூச்சை ஆழமாக இழுத்து, தன் சொந்தக் குரலில் பாடியது. கனத்த குரல்! குளத்து நீர் அதிர்ந்தது. எதிர்மலை திருப்பிப் பாடியது. யானைகள் தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறின. குரங்குகள் கிளைகளைக் குலுக்கிக் கூத்தாடின. நீலி தண்ணீரில் குட்டிக்கரணம் போட்டது!

"அவள் போதைக்காரி! போதைக்காரி!" என்று வங்கன் கத்தியது.

"அதுதான் அவளே சொல்லிவிட்டாளே! வேறு ஏதாவது இருக்கிறதா உன்னிடம்?" என்று யானை கேட்டது.

வங்கன் வாலைச் சுருட்டிக்கொண்டு காட்டைவிட்டே ஓடியது. மஞ்சாடி அன்று விரும்பிய நேரம்வரை பாடியது. பசித்தபோது இறங்கிவந்து, எல்லாரோடும் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டது.

பிறர் கட்டிவிட்ட நல்ல பேருக்குள் ஒளிந்து துன்பப்படுவதைவிட, உள்ளதைச் சொல்லி நிமிர்ந்து நிற்பதே உண்மையான வெற்றி.